ஊக்கமில்லை என்பது பொய். வழியில்லை என்பதே மெய்!

(மாற்றுத்திறன் மாணவரின் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



"மாற்றுத்திறன் மாணவரைக் கல்வியில் ஊக்குவித்தல்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் ஆசிரியனல்லன், உளநூல் கற்றவனுமல்லன். நீதிமன்றத்திலும் பொதுமேடையிலும் நின்று பழகியவன். ஆகவே, எனக்குத் தெரிந்த முறையிலேயே இப்பொருளை அணுக விரும்புகிறேன். எந்த வழக்கைக் கையேற்றாலும் ஒரு சட்டத்தரணி முதலிற் கேட்கும் கேள்வி, "எதிரி யார்? அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம் யாது?" என்பதாகும்.

ஊக்குவிக்க வேண்டும் என்று நாம் சொல்லும்போதே ஊக்கமில்லை என்ற குற்றத்தை ஒருவர்மீது சுமத்திவிடுகிறோம். யார்மீது? கண் தெரியாத பிள்ளைமீது. காது கேளாத பிள்ளைமீது. கால் இழந்த பிள்ளைமீது. மெல்லக் கற்கும் பிள்ளைமீது. "அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை", "அவள் தானாகவே நின்றுவிட்டாள்" என்று பாடசாலை வரவேட்டிலும் வீட்டு முற்றத்திலும் தீர்ப்பெழுதிவிடுகிறோம். விளக்கம் நடைபெறவில்லை, சாட்சிகள் அழைக்கப்படவில்லை, எதிரியின் வாய்மொழி கேட்கப்படவில்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் வந்துவிட்டது! இன்று நான் எதிரி தரப்பில் தோன்றுகிறேன். இந்தக் குற்றச்சாட்டு பொய்யானது என்பதையும், உண்மையான குற்றவாளி வேறிடத்தில் இருக்கிறான் என்பதையும் இந்த அவையின் முன்னே நிறுவ முயல்வேன்.

ஒரு சிறுமியின் சாட்சியம்

முதற் சாட்சியாக ஒரு சிறுமியை அழைக்கிறேன். அவள் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். வன்னியில் ஒரு கிராமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், ஐந்து வயதில், எறிகணை வீச்சில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். பத்தாண்டு கழித்து, 2019இல், காணி உறுதி பற்றிய அலுவலாக அவளுடைய தந்தையார் என் அலுவலகத்துக்கு வந்தார். பிள்ளையும் கூட வந்திருந்தாள். பாடசாலை நாளாயிற்றே, பிள்ளை ஏன் இங்கே என்று கேட்டேன். "அவளுக்குப் படிப்பிலை நாட்டமில்லை ஐயா. நாலு மாதமாய்ப் போகேல்லை" என்றார் தந்தையார்.

நான் பிள்ளையைப் பார்த்துக் கேட்டேன். அவள் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "படிக்க விருப்பம் ஐயா. பள்ளிக்கூடத்திலை தண்ணி குடிக்கத்தான் பயம்."

அந்த வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. பத்தாம் தரத்து வகுப்பறை மேல்மாடியில் இருந்தது. மலசலகூடம் கீழே, முற்றத்துக்கு அப்பால், மூன்று படிகளின்மேல் இருந்தது. உள்ளே குந்தியிருக்கும் வகைக் குழி. பிடித்தெழக் கைபிடி இல்லை. செயற்கைக் காலோ அவள் வளர்ந்தபின் மாற்றப்படாமையாற் கட்டையாகித் தோலை உரசிப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் கால் ஒருமுறை பொருத்தினாற் போதாது, உடல் வளர வளர மாற்றவேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்கு எவரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. காலை ஏழு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை ஒரு துளி தண்ணீரும் குடியாமல் அந்தப் பிள்ளை ஒன்பதாம் தரம் முடித்திருக்கிறாள். பத்தாம் தரத்தில் உடல் இடங்கொடுக்கவில்லை, நின்றுவிட்டாள். நாம் அதற்கு வைத்த பெயர், "நாட்டமில்லை"!

பின்னர் நடந்தது பெரிய அதிசயம் ஒன்றுமல்ல. பாடசாலை அதிபருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் நல்லவர், பத்தாம் தரத்தைக் கீழ்மாடிக்கு மாற்றினார். பழைய மாணவர் சிலர் சேர்ந்து இருந்தெழும் வகை மலசலகூடம் ஒன்றையும், அதற்கொரு சாய்தளத்தையும், ஓர் இரும்புக் கைபிடியையும் அமைத்தார்கள். தந்தையார் மகளை அழைத்துச் சென்று புதிய கால் பொருத்துவித்தார். பிள்ளை திரும்பி வந்தாள். 2021 மார்ச்சில் நடைபெற்ற சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைந்தாள்.

பெரியோர்களே! அந்தப் பிள்ளைக்கு ஊக்கவுரை நிகழ்த்தியவர் எவருமில்லை. "முயன்றால் முடியும்" என்று எவரும் சுவரில் எழுதிவைக்கவில்லை. நாம் செய்தது ஒன்றே: குறுக்கே கிடந்த கல்லை எடுத்தோம். ஊக்கம் அவளிடம் முன்னரே இருந்தது. தாகத்தோடு ஏழு மணி நேரம் வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கு ஊக்கத்தைப் பற்றிப் போதிக்க நம்மில் யாருக்குத் தகுதியுண்டு?

முதுகில் எழுதிய எழுத்து

இது ஒரு பிள்ளையின் கதைதானே என்று சிலர் கேட்கலாம். ஆகவே, அடுத்த சாட்சியத்துக்கு நம் இலக்கிய வரலாற்றிடம் செல்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்பார்வை அற்றவர். சேயூர்க் கலம்பகமும் திருக்கழுக்குன்றப் புராணமும் அவர் பாடியவை. யாழ்ப்பாணத்து அரசனைப் பாடிப் பரிசில் பெற்றார் என்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. அவர் எழுத்தறிந்தது எவ்வாறு? தம் முதுகிலே பிறரை எழுத்துகளை எழுதச்செய்து, அந்தத் தொடுகையினாலேயே கற்றார் என்பது செவிவழிச் செய்தி. கண்ணால் வரவேண்டிய எழுத்துத் தோலால் வந்தது. ஒருவர் எழுத முன்வந்தார், மற்றவர் கற்றுக்கொண்டார். எழுதுவதற்கு ஒரு விரல் அகப்படாதிருந்திருந்தால், ஊரார் அவரையும் "நாட்டமில்லாதவன்" என்றே சொல்லியிருப்பார்கள்.

அவருக்கு இரண்டு நூற்றாண்டு பின்னர் பிரான்சு நாட்டிலே ஒரு சிறுவன். குதிரைச் சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் விளையாடும்போது ஊசி பட்டு, மூன்று வயதிற் கண்ணிழந்தவன். 1809இற் பிறந்த அந்த லூயி பிறெயில் பாரிசு நகரத்துப் பள்ளிக்குச் சென்றபோது, அங்கே சாதாரண எழுத்துகளையே பெரிதாகப் புடைப்பித்த, தூக்கவும் முடியாத நூல்கள் சிலவே இருந்தன. அவற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவி மெல்ல வாசிக்கலாமே தவிர, அந்த முறையில் மாணவர் தாமாக எழுதுதல் இயலாத காரியம். ஓர் அதிகாரி வகுத்திருந்த பன்னிரண்டு புள்ளி முறையை அறிந்த அச்சிறுவன், விரல்நுனி ஒரே தொடுகையில் உணரத்தக்க ஆறு புள்ளிகளாக அதனைச் சுருக்கினான். அப்பொழுது அவனுக்கு வயது 15. 1829இல் அம்முறை நூலாக வெளிவந்தது.

இனி நடந்ததைக் கேளுங்கள். 1840களின் தொடக்கத்தில், அவர் கற்று ஆசிரியராகவும் ஆகிவிட்ட அதே பள்ளியில், அந்த எழுத்து நிருவாகத்தினால் தடைசெய்யப்பட்டது. கண்ணுள்ளோர் வாசிக்கமுடியாத எழுத்து எதற்கு என்பது மேலோர் கருத்து. மாணவர் என்ன செய்தார்கள்? இரகசியமாக எழுதினார்கள், இரகசியமாக வாசித்தார்கள். தண்டனைக்கு அஞ்சியும் எழுத்தைக் கைவிடாத மாணவரிடத்திலா ஊக்கம் இல்லை? பிரெஞ்சு அரசு அம்முறையை ஏற்றுக்கொண்டது 1854இல். பிறெயில் இறந்து இரண்டாண்டு கழித்து.

அந்த ஆறு புள்ளிகளில் இன்று தமிழும் எழுதப்படுகிறது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிறெயில் முறை 1951இல் வகுக்கப்பட்டது. இப்பொழுது கணினித் திரையிலுள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. அவற்றுள் என்விடிஏ என்பதனை அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமே விழிப்புலனற்றவரான இரு இளைஞர் 2006இல் தொடங்கி உலகுக்கு இலவசமாக வழங்கினார்கள். கருவி இருக்கிறது, எழுத்து இருக்கிறது, பிள்ளையின் விரலும் செவியும் காத்திருக்கின்றன. இடையிலே நிற்பது எது? அந்த வினாவுக்கு விடை சொல்லவேண்டியவர் பிள்ளையல்லர், நாம்.

மொழியை இழந்த பிள்ளை

செவிப்புலனற்ற பிள்ளையின் வழக்கு இதனிலும் கொடியது. ஏனெனில் அங்கே பறிக்கப்பட்டது எழுத்து மட்டுமன்று, மொழி. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் செவிப்புலனற்றோர் கல்விபற்றி ஒரு மாநாடு கூடியது. கூடியவர்களில் ஏறத்தாழ அனைவரும் செவிப்புலன் உள்ளோர். பிள்ளைகள் கைச்சைகையாற் பேசக்கூடாது, வாயாற் பேசவே பழக்கவேண்டும் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். பல நாடுகளின் பள்ளிகளிலிருந்து சைகைமொழி விரட்டப்பட்டது. செவிப்புலனற்ற ஆசிரியர் வேலையிழந்தனர். மேசையின் கீழே கைகளை மறைத்துப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்மானங்களை அதே மாநாட்டு மரபில் வந்தோர் கனடாவின் வான்கூவர் நகரில் நிராகரித்தது 2010ஆம் ஆண்டில். இடையிற் கழிந்தவை 130 ஆண்டுகள்!

தம் மொழியை அறியாதவர்கள் ஓரவையிற் கூடி, அம்மொழி வேண்டியதில்லை என்று வாக்களித்த கதை தமிழராகிய நமக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தை எதிர்த்து நம் மூத்தோர் காலிமுகத்திடலில் அமர்ந்தது எதற்காக? தன் மொழியில் வாழமுடியாத மனிதன் தன் நாட்டிலேயே அந்நியனாகிறான் என்பதற்காக. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது நாம் சொன்னது என்ன? வாயிலை மூடிவிட்டு மாணவன் முயலவில்லை என்று பழிசொல்லாதீர்கள் என்றோம். எத்தனை புள்ளி எடுத்தாலும் உள்ளே செல்லமுடியாது என்று கண்ட இளைஞனின் நெஞ்சில் ஊக்கம் எவ்வாறு எஞ்சும் என்று கேட்டோம். அந்த வாதம் அன்று நியாயமானது. நியாயம் என்றால் அது எல்லாருக்கும் நியாயம். நம் வீட்டுக்குள்ளே, நம் வகுப்பறைக்குள்ளே, நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நாமே வாயிலை மூடிவைத்திருப்போமாயின், அந்த வாதத்தை நாம் மறுமுறை எந்த முகத்தோடு எழுப்புவோம்?

செவிப்புலனற்ற பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டோர் செவிப்புலன் உள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அதாவது, அப்பிள்ளை பிறக்கும் வீட்டில் அதன் மொழியை அறிந்தவர் எவருமில்லை. மொழி பதியும் முதலைந்து ஆண்டுகள் மௌனத்திற் கழிந்தபின், ஆறாம் வயதில் அரிச்சுவடியோடு வந்து நின்று, "இவனுக்கு ஆர்வமில்லை" என்கிறோம். தாய்மாரே! உங்கள் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று அறிந்த அன்றே நீங்கள் சைகைமொழி கற்கத் தொடங்குங்கள். வைத்தியம் செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்புக் கருவி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வைத்தியம் பலிக்கும்வரை பிள்ளையை மொழியில்லாமற் காக்கவைக்காதீர்கள் என்றே சொல்கிறேன்.

சட்டம் சொல்வது என்ன?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். பாடசாலைக்குச் செல்லவேண்டிய கட்டாய வயது 1997இல் 5 முதல் 14 என விதிக்கப்பட்டு, 2016இல் 16 வரை உயர்த்தப்பட்டது. அந்த விதி கண்ணுள்ள பிள்ளைக்கு மட்டுமென எங்கும் எழுதப்படவில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை எல்லாரும் சட்டத்தின்முன் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி எனப் பாகுபாட்டுக்கான காரணங்களைப் பெயர்குறிக்கும் அதன் இரண்டாம் பிரிவில் ஊனம் என்ற சொல் இல்லை; அது ஒரு குறையே. ஆயினும், பெண்கள், பிள்ளைகள், வலுவிழந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்குச் சிறப்பேற்பாடு செய்யலாம் என்று நான்காம் பிரிவு இடமளிக்கிறது.

வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இதனிலும் தெளிவாகப் பேசுகிறது. வேலைக்கு ஆட்சேர்ப்பதிலும், கல்வி நிலையத்தில் அனுமதிப்பதிலும் ஊனத்தைக் காரணங்காட்டி எவரையும் பாகுபடுத்தலாகாது என்பது அதன் 23ஆம் பிரிவு. அப்பிரிவு மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம் என்பது அடுத்த பிரிவு. 2006இல் வந்த ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களிற் சாய்தளமும் ஏற்ற மலசலகூடமும் வேண்டுமென்றன. அவை ஏட்டிலேயே கிடப்பதைக் கண்டு, சக்கர நாற்காலியில் வாழும் குடிமகன் ஒருவர் தாமே உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். 2011 ஏப்ரலில் நீதிமன்றம் அவ்விதிகள் பின்பற்றப்பட வேண்டியவை என்று கட்டளையிட்டது. அதற்குப் பின்னும் படிக்கட்டு மட்டும் வைத்து வகுப்பறைக் கட்டடங்களைத் திறந்துவைத்து நாடா வெட்டியவர்களை நாம் கண்டிருக்கிறோம், கைதட்டியுமிருக்கிறோம்.

மாற்றுத்திறனாளர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2007இல் ஒப்பமிட்டு, 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை பொதுக் கல்வி முறைக்குள்ளேயே இவர்களுக்கு இடமும், வேண்டிய துணையும் வழங்கவேண்டும் என்கிறது. பிறெயில், சைகைமொழி ஆகியவற்றைக் கற்க வழிசெய்வதும் அதில் அடங்கும்.

ஆனால் உண்மையை மறைக்க நான் விரும்பவில்லை. சட்டம் தானாக நடந்து வந்து கதவைத் தட்டுவதில்லை. கேட்பவருக்கே அது பேசும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேலுமானோரில் 8.7 வீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், காணல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றிலேனும் இடர்ப்பாடு உடையோர். இத்தனை பேருக்காக எழுதப்பட்ட ஒரு சட்டத்தின் கீழ் நீதிமன்றப் படியேறியவர்கள் எத்தனை பேர்? கூலித் தொழிலாளியான தந்தை ஒருவர் அதிபரின் அறையில் "இடமில்லை" என்ற சொல்லைக் கேட்டதும் கைகூப்பித் திரும்பிவிடுகிறார். அவருக்குத் தெரியாத உரிமை அவருக்கு இல்லாத உரிமையே ஆகிறது.

இரக்கம் என்னும் நஞ்சு

ஆசிரியப் பெருமக்களே! தடைகளை அகற்றிவிட்டால் உங்கள் கடமை முடிந்துவிடுமா? இல்லை. கட்டடத் தடையிலும் கொடிய தடை ஒன்றுண்டு. அது நம் இரக்கம். "பாவம் பிள்ளை, வீட்டுவேலை செய்யவேண்டாம்", "பாவம், பரீட்சை வேண்டாம், சும்மா வந்திருக்கட்டும்" என்கிறோம். இதைவிட நயமாக ஒரு பிள்ளையின் ஊக்கத்தைக் கொல்லமுடியாது. "உன்னிடமிருந்து நான் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை" என்பதே அந்த இரக்கத்தின் உட்பொருள். பிள்ளைகள் அதனை உடனே அறிந்துகொள்வார்கள். அறிந்தபின் அதற்கேற்பவே வாழ்ந்தும் விடுவார்கள். பாடசாலை ஒரு பிள்ளைக்கு ஏதோ கொஞ்சம் செய்துவிட்டாற் போதாது, அப்பிள்ளை தன் நிலைமைக்கேற்ப உண்மையில் முன்னேறத்தக்க ஏற்பாடு வேண்டும் என்று 2017இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் வகுப்பறைகளுக்கும் அதுவே அளவுகோலாகட்டும்.

நான் அறிந்த நல்லாசிரியர்கள் செய்பவற்றைச் சொல்கிறேன். கரும்பலகையில் எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லி எழுதுகிறார்கள். கண் தெரியாத பிள்ளைக்கு அது போதும், மற்றப் பிள்ளைகளுக்கும் நன்மையே. பேசும்போது வகுப்பை நோக்கியே பேசுகிறார்கள். சுவரைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவை நம்பியிருக்கும் பிள்ளை பாடத்தை இழந்துவிடும். எல்லாருக்கும் கொடுக்கும் பயிற்சியையே கொடுத்து, செய்யும் முறையிலும் நேரத்திலும் மட்டும் விட்டுக்கொடுக்கிறார்கள். மெல்லக் கற்கும் பிள்ளையை அடுத்த மேசைப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிடுகிறார்கள். நேற்று மூன்று எழுத்து அறிந்தது இன்று நான்கு அறிந்தால், அந்த நான்காவது எழுத்தை வகுப்பறியச் சொல்லி மகிழ்கிறார்கள். "உனக்கு எது இலகு? எங்கே இருந்தால் விளங்கும்?" என்று பிள்ளையையே கேட்கிறார்கள். கேட்கப்பட்ட பிள்ளை நிமிர்ந்து உட்காரும். இவை எவற்றுக்கும் சுற்றுநிருபம் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

இன்னொன்று: படித்தால் என்னவாகலாம் என்ற வினாவுக்குப் பிள்ளையின் கண்முன்னே ஒரு விடை நிற்கவேண்டும். என் துறையிலிருந்தே ஒருவரைச் சொல்கிறேன். தென்னாபிரிக்காவின் ஸாக் யாக்கூப் இந்திய வம்சாவளியினர். பதினாறு மாதக் குழந்தையாயிருந்தபோது மூளைக்காய்ச்சலினாற் பார்வை இழந்தவர். நிறவெறி ஆட்சியின் காலத்தில் நிறத்தாலும் விழியாலும் இரட்டைத் தடையுண்டு வளர்ந்தவர். சட்டம் கற்று, அந்த ஆட்சியால் வழக்குத் தொடரப்பட்டோருக்காக வாதாடி, 1998 முதல் 2013 வரை அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்தில் நீதியரசராக வீற்றிருந்தார். நம் அண்டை நாடான இந்தியாவில், பார்வையற்றோர் நீதிச் சேவையிற் சேரலாகாது என்ற மாநில விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021இல் அதே நீதிமன்றம், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுடைய பரீட்சார்த்தி ஒருவருக்கு எழுதுநரை அளிக்க மறுத்தது தவறு என்றது.

நம் நாட்டிலும் மேலதிக நேரம், பிறெயில் வினாத்தாள், எழுதுநர் முதலிய பரீட்சை ஏற்பாடுகளை முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெறவேண்டும். கடைசி வாரத்தில் நினைவுவரும் ஏற்பாடு ஏற்பாடாகாது. அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளருக்கென 1988இல் சுற்றுநிருபம் வந்தது. அது எந்த அளவில் நிறைவேறுகிறது என்று கேட்பது நம் மக்கள் பிரதிநிதிகளின் கடமை. கேட்கவைப்பது நம் கடமை.

பெற்றோருக்கு ஒரு சொல்

பெற்றோரே! உங்கள் துயரை நான் இலேசாக எண்ணவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமற் போகமுடியாது. மூத்த பெண்ணுக்குச் சம்பந்தம் தப்பிப்போகும் என்று அஞ்சி இளையதை அறைக்குள் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே உள்ளன. "முற்பிறப்பின் வினை" என்று சொல்லி ஆறுதலடையும் வீடுகளும் உள்ளன. வினையென்று சொல்வதால் நமக்கு ஆறுதல் வரலாம். பிள்ளைக்கு எழுத்து வராது. ஆண்பிள்ளையாயின் ஓட்டோ பிடித்து அனுப்பும் வீடு, பெண்பிள்ளையாயின் "எதற்கு?" என்று கேட்கிறது. கல்வியைக் கண் என்று கொண்டாடும் மரபு நம்முடையது. முகத்திலே கண்ணில்லாத பிள்ளைக்கு அந்த மற்றக் கண்ணையும் மறுப்பது எவ்வகை நியாயம்?

மேரி சாப்மன் அம்மையார் 1912இல் தொடங்கிய இரத்மலானைப் பள்ளியிலிருந்து, நம் கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம் வரை, பிறர் பிள்ளைகளுக்காகத் தம் வாழ்வைத் தந்தவர்கள் பலர். அந்நிலையங்களை நான் போற்றுகிறேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் அங்கே அனுப்பிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. மலையகத்து லயத்திலிருந்து செங்குத்தான படிகளில் இறங்கவேண்டிய பிள்ளைக்கும், மன்னார்க் கரையோரப் பிள்ளைக்கும், படுவான்கரைப் பிள்ளைக்கும் ஊர்ப் பாடசாலையின் கதவே முதலில் திறக்கவேண்டும்.

நாம் செய்யவேண்டியது

இறுதியாக, என்மீதே ஒரு குற்றச்சாட்டு. இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் எங்கள் அரசியற் பணிமனையின் வாயிலை நினைத்துப் பார்த்தேன். ஏழு படிகள். உரிமையென்று ஓயாது முழங்கும் எங்கள் பணிமனைக்குச் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால், உரிமையைப் பற்றி வீதியில் நின்றே பேசவேண்டும். இத்தனை ஆண்டும் அந்தப் படிகள் என் கண்ணிற் படவில்லை. கண்ணிருந்தும் காணாதவன் நான். அடுத்த மாதத்துக்குள் அங்கே ஒரு சாய்தளம் அமைக்கப்படும் என்று இந்த அவையின்முன் வாக்களிக்கிறேன். தவறினால் இதே பத்திரிகையில் என்னைக் கண்டித்து எழுதுங்கள்.

உங்களிடமும் மூன்று வாக்குகளை வேண்டுகிறேன். முதலாவது: அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன், ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் சனசமூக நிலையத்து இளைஞரும் ஆசிரியரும் வீடுவீடாகச் சென்று, பாடசாலைக்கு வராதிருக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகள் யாவரென்று ஒரு பட்டியல் எடுக்கவேண்டும். பட்டியலில், "ஏன் வரவில்லை?" என்ற வினாவுக்கு விடையைப் பிள்ளையின் வாயிலிருந்தோ கையிலிருந்தோ பெற்று எழுதுங்கள், அயலவரிடம் கேட்டு எழுதாதீர்கள். இரண்டாவது: ஒவ்வொரு பாடசாலையிலும் பழைய மாணவர் சங்கம் அடுத்த விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போடுமுன்னர் ஒரு சாய்தளமும் ஒரு மலசலகூடமும் அமைக்கட்டும். மூன்றாவது: அனுமதி மறுக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர் தனித்து நிற்கவேண்டாம். மறுப்பை எழுத்திற் கேளுங்கள். எழுத்திற் கேட்டவுடன் பாதி மறுப்புகள் மறைந்துவிடும். இது என் தொழில் அனுபவம். மீதிப் பாதிக்கு எங்களிடம் வாருங்கள். சட்டத்தரணிகளாகிய நாங்கள் அவ்வழக்குகளைக் கட்டணமின்றி எடுத்து நடத்தக் கடமைப்பட்டவர்கள்.

முன்வரிசையிலுள்ள செல்வங்களே! உங்களுக்கு ஊக்கமூட்ட நான் வரவில்லை. எங்களைவிட அதிகம் அதனை உடையவர்கள் நீங்கள். உங்கள்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை என்று சொல்லவே வந்தேன். நீங்கள் விடுதலையானவர்கள். இனிக் கூண்டில் ஏறவேண்டியவர்கள் நாங்கள். எங்களை விசாரிக்கும் உரிமை உங்களுக்குண்டு. வகுப்பறையில் விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று கேளுங்கள். படியேற முடியாவிட்டால் ஏன் படி வைத்தீர்கள் என்று கேளுங்கள். தாகமெடுத்தால் தண்ணீர் குடியுங்கள். மற்றதற்கு வழிசெய்வது எங்கள் பொறுப்பு.